ஃபோக்ஸ்வாகன் டைப் 2: ஒரு பழைய வேனும் அதை மீட்டெடுக்கும் மரபும்

ஃபோக்ஸ்வாகன் டைப் 2 ஜெர்மனியில் 1950 முதல் தயாரிக்கப்பட்ட சிறு வேன். முன்புறம் ஓட்டுநர், நடுவில் பயணிகள், பின்புறம் காற்றால் குளிரும் எஞ்சின் என்ற அமைப்பைக் கொண்டது. ஜெர்மனியில் 'புல்லி' என்றும், பிரேசிலிலும் தென்னாப்பிரிக்காவிலும் 'கோம்பி' என்றும், அமெரிக்காவில் 'மைக்ரோபஸ்' என்றும் அழைக்கப்பட்டது. இன்று உலகில் மிக அதிகமாகப் பழுதுபார்த்து மீட்டெடுக்கப்படும் பழைய பயணிகள் வாகனங்களில் இதுவும் ஒன்று. ஒரு பழைய வண்டியைப் புதியதுபோல் ஆக்குவதா, அதன் காயங்களோடு காப்பதா என்ற விவாதம் இந்த வேனின் வரலாற்றில் தெளிவாக வெளிப்படுகிறது.

தோற்றம்

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் நகரில் இருந்த ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலை பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தின்கீழ் வந்தது. மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் அதன் பொறுப்பில் இருந்தார். தொழிற்சாலைக்குள் உதிரி பாகங்களைச் சுமந்து செல்ல, பீட்டில் காரின் அடிச்சட்டத்தின்மேல் தட்டையான பலகை பொருத்திய ஒரு தள்ளுவண்டி போன்ற வாகனத்தைத் தொழிலாளர்கள் செய்து வைத்திருந்தனர். ஓட்டுநர் அதன் பின்பக்கம் எஞ்சினுக்கு மேலே அமர்ந்து ஓட்டுவார்.

நெதர்லாந்தைச் சேர்ந்த கார் இறக்குமதியாளர் பென் பொன் 1947-ல் தொழிற்சாலைக்கு வந்தபோது இந்த வாகனத்தைக் கண்டார். அதை நெதர்லாந்துக்குக் கொண்டுசெல்ல விரும்பினார். ஓட்டுநர் பின்னால் அமரும் வண்டிக்குச் சாலை அனுமதி கிடைக்கவில்லை. ஏப்ரல் 23, 1947 அன்று அவர் தன் குறிப்பேட்டில் ஒரு சிறு படம் வரைந்தார். பெட்டி போன்ற உடல், முன்னால் ஓட்டுநர், பின்னால் எஞ்சின், 750 கிலோ சுமை என்பதே அந்தப் படம். அப்போது தொழிற்சாலையால் கார் தயாரிப்பையே முழுமையாகச் சமாளிக்க முடியாததால் அந்த யோசனை உடனே செயல்படவில்லை.

1948 ஜனவரியில் ஹைன்ரிஷ் நோர்டோஃப் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டின் இறுதியில் வேனை வடிவமைக்கும் வேலை தொடங்கியது. முதல் மாதிரி வண்டி பீட்டிலின் அடிச்சட்டத்தின்மேலேயே கட்டப்பட்டது. சுமை ஏற்றிச் சோதித்தபோது சட்டம் தாங்காமல் வளைந்தது. அதன்பின் உடலும் சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட அமைப்பு உருவாக்கப்பட்டது. வண்டியின் மூக்குப்பகுதி சப்பையாக இருந்தால் காற்று எதிர்ப்பு அதிகம் என்பதால் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்தில் மாதிரிகள் சோதிக்கப்பட்டு முன்பக்கம் வளைவாக மாற்றப்பட்டது. மார்ச் 8, 1950 அன்று தொடர் தயாரிப்பு தொடங்கியது.

பீட்டில் கார் நிறுவனத்தின் முதல் வகை என்பதால் 'டைப் 1' எனப்பட்டது. வேன் இரண்டாவது வகை. 'டைப் 2' என்ற பெயர் அவ்வாறு வந்தது. 1967 வரை வந்த முதல் தலைமுறையை டி1 என்றும், அதன்பின் வந்ததை டி2 என்றும் பின்னாளில் வகைப்படுத்தினர்.

அமைப்பு

தொடக்ககால வேனில் 1131 சிசி கொள்ளளவும் 25 குதிரைத்திறனும் கொண்ட பீட்டில் எஞ்சினே இருந்தது. முன் பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் பீட்டிலைப்போலவே 2.4 மீட்டர். ஓட்டுநர் முன் அச்சுக்கு மேலும், எஞ்சின் பின் அச்சுக்குப் பின்னும் இருந்ததால் சுமை முழுவதும் இரு அச்சுகளுக்கும் நடுவில் வந்தது. வண்டி காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் எடை இரு அச்சுகளுக்கும் ஏறத்தாழ சமமாகவே பகிரப்பட்டது. இந்தச் சமநிலை இவ்வடிவமைப்பின் மையக் கருத்து.

சிறிய எஞ்சினால் பெரிய சுமையை இழுக்கப் பின்சக்கரங்களின் அருகே கூடுதல் பற்சக்கரங்கள் பொருத்தப்பட்டன. போர்க்காலத்தில் ராணுவத்துக்காக ஃபோக்ஸ்வாகன் செய்த கியூபெல்வாகன் வாகனத்திலிருந்து வந்த ஏற்பாடு இது. இதனால் வண்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து உயர்ந்தது, இழுவிசை கூடியது, வேகம் குறைந்தது. முதல் வேன்கள் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டியே ஓடின.

வகைகளும் மாற்றங்களும்

சரக்கு வேன், கழற்றக்கூடிய இருக்கைகள் கொண்ட கோம்பி, பயணிகளுக்கான மைக்ரோபஸ் ஆகியவை முதலில் வந்தன. திறந்த சரக்குத்தட்டு கொண்ட வகை, ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி ஆகியவை பின்னர் சேர்ந்தன. வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் நிறுவனம் 1951 முதல் வேனுக்குள் பொருத்தக்கூடிய படுக்கை, அலமாரித் தொகுப்புகளைத் தயாரித்தது. முகாம் வேன் என்ற வகை அங்கிருந்து பரவியது.

பயணிகள் வகையில் உயர்ந்தது 1951-ல் வந்த 'சம்பா'. அதன் கூரையின் இரு ஓரங்களிலும் நான்கு நான்காக எட்டுச் சிறு சன்னல்கள் இருந்தன. கூரையின் நடுவே துணியாலான திறப்பு இருந்தது. மொத்தம் 23 சன்னல்கள். பின்கதவு அகலமாக்கப்பட்டபோது பின்மூலைச் சன்னல்கள் இரண்டும் நீக்கப்பட்டு, 1964 மாதிரியில் எண்ணிக்கை 21 ஆயிற்று.

1955 மார்ச்சுக்கு முன் வந்த வேன்களில் எஞ்சின் மூடி மிகப் பெரியது. சேகரிப்பாளர்கள் அவற்றை 'களஞ்சியக் கதவு' வண்டிகள் என்ற பொருளில் அழைக்கிறார்கள். 1956-ல் வேன் தயாரிப்பு வோல்ஃப்ஸ்பர்க்கிலிருந்து ஹனோவரில் கட்டப்பட்ட புதிய ஆலைக்கு மாறியது. எஞ்சின் 1192 சிசி, 1493 சிசி என வளர்ந்தது. ஆறு வோல்ட் மின்னமைப்பு 1967 மாதிரியில் பன்னிரண்டு வோல்ட்டாக மாறியது.

1967 ஆகஸ்டில் இரண்டாம் தலைமுறை வந்தது. நடுவில் பிரிந்திருந்த முன்கண்ணாடி ஒரே வளைந்த கண்ணாடி ஆனது. பக்கக் கதவு நகரும் கதவாயிற்று. பின்சக்கரக் கூடுதல் பற்சக்கரங்கள் நீக்கப்பட்டன. 1971 மாதிரியில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. ஜெர்மனியில் இந்தத் தலைமுறை 1979-ல் முடிந்தது. பிரேசிலின் சாவோ பெர்னார்டோ டோ கம்போ ஆலையில் 1957-ல் தொடங்கிய தயாரிப்பு 2013 டிசம்பர் வரை நீடித்தது. 2014 முதல் புதிய கார்களில் காற்றுப்பையும் ஏபிஎஸ் பிரேக்கும் கட்டாயம் என்ற பிரேசில் சட்டத்துக்கு இந்தப் பழைய வடிவமைப்பால் ஈடுகொடுக்க இயலவில்லை. அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குமேல் அடிப்படை உருவம் மாறாமல் வெளிவந்த வாகனங்கள் மிகச் சில.

கோழிவரியும் பயணிகள் வேனும்

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழியிறைச்சி ஐரோப்பியச் சந்தையில் மலிவாகக் குவிந்தது. பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் அதற்கு வரி விதித்தன. பதிலடியாக அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் 1963 டிசம்பரில் சில இறக்குமதிகளுக்கு 25 சதவீத வரி விதித்தார். அந்தப் பட்டியலில் சிறிய சரக்கு வாகனங்களும் இருந்தன. ஃபோக்ஸ்வாகனின் சரக்கு வகைகளின் அமெரிக்க இறக்குமதி இதனால் சரிந்தது. பயணிகள் வகை இந்த வரியில் அடங்கவில்லை.

இந்த வரியின் விளைவை இன்றைய பழைய வண்டிச் சந்தையில் பார்க்கலாம். அமெரிக்காவில் 1964-க்குப் பிந்தைய சரக்குத்தட்டு வகைகள் அரிதாகவும், இருக்கையும் சன்னலும் கொண்ட வகைகள் மிகுதியாகவும் உள்ளன. மற்ற பொருட்களின்மீதான வரி பின்னர் நீக்கப்பட்டாலும் சிறு சரக்கு வாகனங்களின்மீதான வரி இன்னும் நீடிக்கிறது.

இரண்டாம் கை வண்டி

1960களின் இறுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த வேன்கள் பழைய வண்டிகளாக மலிந்த விலைக்குக் கிடைத்தன. பெரிய குடும்பங்கள், இசைக்குழுக்கள், மாணவர்கள், நாடோடி இளைஞர்கள் அவற்றை வாங்கினர். உள்ளே எட்டுப்பேர் அமரலாம், இருக்கையைக் கழற்றினால் படுக்கலாம், எஞ்சினை எளிய கருவிகளால் இறக்கலாம் என்பவை அதற்குக் காரணங்கள். இஸ்தான்புல்லிலிருந்து ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்கு வந்த ஹிப்பிகளின் தரைவழிப் பயணத்தில் இந்த வேன்கள் பல ஓடின. 1979-ல் ஈரான் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையெடுப்பும் அந்தப் பாதையை மூடின.

பழுதுபார்க்கும் மரபு

இந்த வேனைச் சொந்தக்காரரே பழுதுபார்ப்பது என்ற மரபுக்கு ஒரு நூல் பெரும் காரணம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் வாழ்ந்த ஜான் மியூர் என்ற பொறியாளர் ஃபோக்ஸ்வாகன் வண்டியை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று விளக்கும் கையேட்டை 1969-ல் வெளியிட்டார். பீட்டர் அஷ்வாண்டன் படங்கள் வரைந்தார். எந்திர அறிவே இல்லாதவர் ஸ்பேனரைக் கையிலெடுத்து வால்வு இடைவெளி பார்க்கவும், எஞ்சினை இறக்கவும் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்த நூல் அது. மெக்கானிக்குக் கொடுக்கப் பணமில்லாத ஒரு தலைமுறை அதை வண்டிக்குள் வைத்துக்கொண்டே பயணம் செய்தது. ஒரு வாகனத்தின் பழுதுநீக்க அறிவு பட்டறையிலிருந்து பயனரின் கைக்கு வந்ததற்கு முக்கியமான எடுத்துக்காட்டு இது.

அந்த மரபு எளிய பராமரிப்பு சார்ந்தது. முழு மீட்டெடுப்பு வேறு வேலை. அது பெரும்பாலும் தகர வேலை.

துருவும் தகரமும்

டைப் 2 வேனில் உடலே சட்டம். ஆகவே துரு என்பது வண்டியின் எலும்பில் விழும் நோய். குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு அடிப்பகுதியின் பெட்டி போன்ற சட்டங்களுக்குள் புகுந்து உள்ளிருந்து அரிக்கும். வெளியே வண்ணம் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே தகரம் சல்லடையாகியிருக்கும்.

துரு முதலில் பிடிக்கும் இடங்கள் ஏறத்தாழ எல்லா வண்டிகளிலும் ஒன்றுதான். கதவுக்குக் கீழுள்ள நீளச் சட்டங்கள், ஜாக்கி வைக்கும் இடங்கள், சக்கர வளைவுகள், ஓட்டுநரின் கால்வைக்கும் தளம், கூரையோர மழைநீர்க் கால்வாய், முன்கண்ணாடி ரப்பரின் கீழ்ப்பகுதி, எஞ்சின் அறையில் பேட்டரி அமரும் தட்டு ஆகியவை அவை. பேட்டரித் தட்டைத் துருவோடு அமிலமும் அரிக்கும். முன்கண்ணாடி ரப்பர் வெடித்தால் மழைநீர் ஓட்டுநர் அறைத் தளத்தில் தேங்கும். தளம் அழுகுவதற்குப் பல நேரங்களில் காரணம் தளமல்ல, மேலே உள்ள ரப்பர்.

வாங்குவோர் காந்தத்தைக் கையோடு கொண்டுசெல்வது பழைய வழக்கம். நல்ல தகரத்தில் காந்தம் ஒட்டும். பட்டி பூசி மறைத்த இடத்தில் ஒட்டாது. பல பத்தாண்டுகளில் பல கைகள் மாறிய வண்டிகளில் ஒரு பட்டிக்குமேல் இன்னொரு பட்டி, அதற்குக்கீழ் தகரத் துண்டு, அதற்கும்கீழ் துரு என அடுக்கடுக்காக இருப்பதுண்டு. அவற்றைச் சுரண்டும்போது அந்த வண்டியை முன்பு வைத்திருந்தவர்களின் வசதியும் வறுமையும் அவசரமும் தெரியவரும்.

அடிச்சட்டத்தை வெட்டுவதற்கு முன் உடலுக்குள் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைக்க வேண்டும். இல்லையென்றால் உடல் தொய்ந்துவிடும். புதுச் சட்டம் வைத்தபின் கதவு மூடாது. அளவு பார்க்காமல் வெட்டிப் பற்றவைத்த வண்டியில் கதவோர இடைவெளி மேலே ஓரளவும் கீழே ஓரளவுமாக இருக்கும். மணல் வீசித் துருவை அகற்றும்போதும் கவனம் தேவை. அகலமான மெல்லிய தகரத்தில் அழுத்தம் கூடினால் தகரம் நெளிந்துவிடும். அதனால் பக்கத் தகடுகளுக்கு மென்மையான பொடிகளையோ வேதிக்கரைசலையோ பயன்படுத்துவர்.

புதிய தகடுகள் இப்போதும் கிடைப்பது இந்த வேனுக்குள்ள சிறப்பு. அசல் ஆலை நிறுத்தியபின்னும் பல தனியார் நிறுவனங்கள் பழைய அளவுகளில் தகடுகளை அச்சிட்டு விற்கின்றன. இதனால் ஏறத்தாழ முழு வண்டியையும் புதுத் தகரத்தால் கட்ட முடியும். அவ்வாறு கட்டியபின் அது எந்த வண்டி என்ற கேள்வியும் அங்கேதான் எழுகிறது.

எஞ்சின்

காற்றால் குளிரும் எஞ்சினில் ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை. டைனமோவைச் சுற்றும் பெல்ட்டே குளிர்விக்கும் விசிறியையும் சுற்றும். பெல்ட் அறுந்தால் மின்னூட்டமும் குளிர்ச்சியும் ஒன்றாக நிற்கும். ஆகவே ஓட்டும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் பேட்டரிப் பிரச்சினைதானே என்று தொடர்ந்து ஓட்டக்கூடாது என்பது இந்த வண்டிக்காரர்கள் முதலில் கற்கும் பாடம்.

எஞ்சினைச் சுற்றியுள்ள தகர உறைகளும் ரப்பர் விளிம்பும் பலராலும் தேவையற்றவை என்று தூக்கியெறியப்பட்டன. உண்மையில் மேலிருந்து வரும் குளிர்காற்றையும் கீழே வெளியேறும் சூடான காற்றையும் பிரிப்பவை அவை. அவை இல்லாத எஞ்சின் தன் சூட்டையே திரும்பத் திரும்ப உறிஞ்சும். பழைய எஞ்சின்களில் ஆயில் குளிரூட்டி விசிறிக் கூட்டுக்குள்ளேயே மூன்றாவது சிலிண்டரின் பாதையில் இருந்தது. எண்ணெயைக் குளிர்வித்துச் சூடான காற்று அந்தச் சிலிண்டரின்மேல் சென்றதால் அது மற்றவற்றைவிட அதிகம் சூடானது. பின்னர் வந்த எஞ்சின்களில் குளிரூட்டிக்குத் தனிக் காற்றுவழி அமைத்து ஃபோக்ஸ்வாகன் இக்குறையைச் சரிசெய்தது.

ஏறத்தாழ 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இரண்டரை லிட்டர் எண்ணெயை மாற்றி, எஞ்சின் ஆறியிருக்கும்போது வால்வு இடைவெளியைப் பார்க்க வேண்டும். இடைவெளி குறைந்துவிட்டால் வால்வு முழுமையாக மூடாமல் கருகும். சத்தம் வரவில்லையே என்று விட்டுவிட முடியாது. இறுகிய வால்வு சத்தமே போடாது.

மிகப் பெரிய ஆபத்து பெட்ரோல் குழாய். எஞ்சின் அறைக்குள் ரப்பர் குழாய் காய்ந்து வெடித்தால் சூடான பாகங்களின்மேல் பெட்ரோல் சொட்டும். எஞ்சினின் உடல் மக்னீசியக் கலவையால் ஆனது. அது தீப்பற்றினால் வெண்மையாக எரியும். தண்ணீர் ஊற்றினால் தீ இன்னும் மூளும். அழகாக மீட்டெடுக்கப்பட்ட பல வண்டிகள் சில ரூபாய் விலையுள்ள குழாயை மாற்றாததால் சாலையோரத்தில் எரிந்துபோயின. வண்ணத்துக்கு முன் குழாய்களையும் பிரேக்கையும் பார்ப்பது மீட்டெடுப்பின் முதல் விதி.

அசலும் போலியும்

2011-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடந்த ஓர் ஏலத்தில் 1963 ஆம் ஆண்டின் 23 சன்னல் வேன் இரண்டு லட்சம் டாலருக்குமேல் விலைபோனது. ஒருகாலத்தில் இளைஞர்கள் சில்லறைக் காசுக்கு வாங்கிய வண்டி செல்வந்தர்களின் சேகரிப்புப் பொருளாக மாறியது. விலை உயர்ந்தபோது போலிகளும் வந்தன. சாதாரணக் கோம்பியின் கூரையை வெட்டிச் சன்னல்கள் வைத்துச் சம்பாவாக விற்பது அதில் ஒரு வழி.

இதனால் ஆவணங்கள் முக்கியமாயின. பல வண்டிகளின் முன்பகுதியில் ஒரு சிறு உலோகத் தகடு உண்டு. அதில் தயாரிப்பு நாள், வகை, வண்ணம், கூடுதல் பொருத்தங்கள், அனுப்பப்பட்ட நாடு ஆகியவை எண்குறிகளாகப் பொறிக்கப்பட்டிருக்கும். வோல்ஃப்ஸ்பர்க்கில் உள்ள ஃபோக்ஸ்வாகன் கார் அருங்காட்சியகம் சேஸிஸ் எண்ணை வைத்து வண்டியின் பிறப்புச் சான்றிதழை வழங்குகிறது.

பழைய ஊர்திகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 1966-ல் தொடங்கப்பட்டது. அது 2012-ல் டூரின் சாசனத்தை ஏற்றது. கட்டடங்களைக் காப்பதற்கான 1964 வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாகக் கொண்டது அது. பேணுதல், காத்தல், பழுதுநீக்கல், மீட்டெடுத்தல் ஆகியவற்றை அச்சாசனம் வேறுபடுத்துகிறது. வண்டியின் பழைய பாகங்களை முடிந்தவரை வைத்துக்கொள்ள வேண்டும், செய்த மாற்றங்களைப் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு மின்மோட்டார் வைக்கும் வழக்கமும் இந்த அளவுகோலின்படி விவாதத்துக்குரியதாக உள்ளது.

மூன்று வண்டிகள்

மீட்டெடுப்பு என்றால் என்ன என்ற கேள்விக்கு மூன்று வேன்கள் மூன்று விடைகளைத் தருகின்றன.

முதலாவது, 'சோஃபி' என்ற பெயர்கொண்ட வேன். 1950 ஆகஸ்டில் செய்யப்பட்டது. பல கைகள் மாறி, முழுமையாக மீட்டெடுக்கப்பட்டு, 2014-ல் ஃபோக்ஸ்வாகனின் ஹனோவர் சேகரிப்பில் சேர்ந்தது. ஆலையிலிருந்து வெளிவந்த நாளின் தோற்றத்தை அது காட்டுகிறது. உழைத்த ஆண்டுகளின் தடம் அதன் உடலில் குறைவு.

இரண்டாவது, 'லைட்' வேன். 1968-ல் பால்டிமோர் நகரத்து ஓவியர் ராபர்ட் ஹைரோனிமஸ் ஓர் இசைக்குழுவுக்காக ஒரு கோம்பியின் உடல் முழுவதும் குறியீட்டு ஓவியங்களை வரைந்தார். 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசைவிழாவில் அந்த வேனின் கூரைமேல் இளைஞர்கள் அமர்ந்திருந்த புகைப்படம் உலகெங்கும் பரவியது. பின்னர் வண்டி காணாமல் போனது. தேடியும் கிடைக்காததால், ஐம்பதாம் ஆண்டையொட்டி அதே காலத்து வேறொரு வேனில் அதே ஓவியரின் மேற்பார்வையில் படங்கள் மீண்டும் வரையப்பட்டன. இங்கே வடிவம் திரும்பியது. பழைய இரும்பு திரும்பவில்லை.

மூன்றாவது, ஈசா ஜென்கின்ஸின் வேன். தெற்குக் கரோலினா மாநிலத்தின் ஜான்ஸ் தீவில் 1910-ல் பிறந்த ஜென்கின்ஸ் தொடக்கக் கல்வியோடு பள்ளியை விட்டவர். 1940களில் ஒரு பேருந்து வாங்கி, தீவின் கறுப்பின மாணவர்களையும் தொழிலாளர்களையும் சார்ல்ஸ்டன் நகரத்துக்கு ஏற்றிச் சென்றார். அந்நாளில் வாக்காளராகப் பதிவுசெய்ய மாநில அரசியல் சட்டத்தின் பகுதியை வாசித்துக் காட்ட வேண்டும். எழுத்தறிவில்லாத கறுப்பின மக்களை விலக்கிவைக்க அந்த விதி உதவியது. பயணியான ஆலிஸ் வைன் தனக்கு வாசிக்கக் கற்றுத்தரும்படி கேட்டார். பேருந்து ஓடும் நேரத்திலேயே ஜென்கின்ஸ் பயணிகளுக்கு அச்சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். செப்டிமா கிளார்க், பெர்னிஸ் ராபின்சன் ஆகியோருடன் இணைந்து 1957-ல் ஜான்ஸ் தீவில் முதல் குடியுரிமைப் பள்ளி உருவாக அவர் காரணமானார். தென்மாநிலங்கள் முழுவதும் அத்தகைய பள்ளிகள் பரவின.

அவருடைய ஃபோக்ஸ்வாகன் வேன் அந்தத் தொடக்ககாலப் பேருந்தல்ல. 1960களின் பிற்பகுதியில் அவர் பயன்படுத்திய 1966 ஆம் ஆண்டு வண்டி. அதன் பின்பக்கத்தில் 'அன்பு முன்னேற்றம், வெறுப்புக்குச் செலவு அதிகம்' என்ற பொருள்பட ஆங்கில வாசகம் எழுதப்பட்டிருந்தது. 1972-ல் ஜென்கின்ஸ் மறைந்தபின் வேன் குடும்பத்தின் முற்றத்தில் பல பத்தாண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்றது. கடலோர உப்புக்காற்று அதை அரித்தது. வாசகம் எழுதிய பின்பக்கத் தகடுகளை ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு மற்றும் பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகம் 2014-ல் பெற்றுக்கொண்டது. எஞ்சிய வண்டி 2019-ல் வாஷிங்டனின் தேசியத் திடலில் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைக்கப்பட்டது. பின்னர் தேசிய வரலாற்று ஊர்திப் பதிவேட்டிலும் இடம்பெற்றது.

இந்த வண்டியைத் துருநீக்கிப் புது வண்ணம் பூசியிருந்தால் சந்தையில் நல்ல விலை கிடைத்திருக்கும். ஆனால் கையால் எழுதிய எழுத்துகள் பழைய வண்ணத்தின்மேல்தான் இருக்கின்றன. அந்த வண்ணத்தைச் சுரண்டினால் எழுத்தும் போகும். ஆகவே அரிப்பை மேலும் பரவாமல் நிறுத்தி, உடைந்ததைத் தாங்கிப்பிடித்து, தோற்றத்தை அப்படியே வைப்பது என்ற வழி பின்பற்றப்பட்டது. மீட்டெடுப்பதைவிட இது எளிதான வேலை அல்ல. எதைத் தொடக்கூடாது என்று ஒவ்வொரு அங்குலத்திலும் முடிவெடுக்க வேண்டும்.

இந்தியச் சூழல்

தமிழ்நாட்டில் டைப் 2 வேன் பரவலாக ஓடியதில்லை. ஆனால் அதன் உறவு ஒன்று இங்கே நன்கு அறியப்பட்டது. ஜெர்மனியின் டெம்போ நிறுவனம் 1949-ல் வெளியிட்ட முதல் மேட்டடார் வண்டியில் ஃபோக்ஸ்வாகனின் 25 குதிரைத்திறன் எஞ்சினே இருந்தது. டைப் 2 சந்தைக்கு வந்தபின் ஃபோக்ஸ்வாகன் எஞ்சின் தருவதை நிறுத்தியதால் டெம்போ வேறு எஞ்சின்களுக்கு மாறியது. அந்த மேட்டடார் வரிசையின் பிற்கால வண்டியைப் புனேயின் பஜாஜ் டெம்போ இந்தியாவில் தயாரித்தது. பள்ளி வேன், திருமண வேன், ஆம்புலன்ஸ் என 'மேட்டடார்' என்ற சொல்லே தமிழில் வேனுக்கு மறுபெயராக நெடுங்காலம் வழங்கியது. அந்த வண்டிகளில் பெரும்பாலானவை உடைத்து இரும்பு விலைக்கு விற்கப்பட்டுவிட்டன.

இந்திய அரசு 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்திப் பழமையான வாகனங்களுக்குத் தனிப் பதிவுமுறையை அறிவித்தது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, வணிகப் பயன்பாடற்ற இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்கு இது பொருந்தும். எஞ்சினிலும் உடலிலும் சேஸிஸிலும் பெரும் மாற்றம் செய்திருக்கக்கூடாது. புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவெண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் இடம்பெறும். ஜெர்மனியில் இத்தகைய தனிப் பதிவு 1997 முதலே உள்ளது. அங்கே முப்பது ஆண்டு போதுமானது. இந்த இருபது ஆண்டு வேறுபாடு முக்கியமானது. முப்பதாம் ஆண்டுக்கும் ஐம்பதாம் ஆண்டுக்கும் இடையில்தான் பெரும்பாலான வேலைக்கார வண்டிகள் காயலான் கடைக்குப் போகின்றன.

மதிப்பீடு

டைப் 2 வேன் உழைப்புக்காகச் செய்யப்பட்டது. அதைச் செய்தவர்கள் அழகுப்பொருளாக எண்ணவில்லை. காய்கறிக் கூடையும் பள்ளிப்பிள்ளைகளும் நோயாளிகளும் ஏறி இறங்கிய வாகனம். ஆடம்பரக் கார்களைக் காப்பதற்கு எப்போதும் செல்வந்தர்கள் இருந்தனர். உழைக்கும் வாகனங்கள் தேய்ந்து தீரும்வரை ஓட்டப்பட்டுப் பின் உடைக்கப்பட்டன. டைப் 2 அந்த விதியிலிருந்து தப்பியதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். எளிய எஞ்சின், தொடர்ந்து கிடைக்கும் உதிரி பாகங்கள், பழுதுபார்க்கும் அறிவைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொண்ட சொந்தக்காரர்கள்.

மீட்டெடுப்பவரின் முதல் வேலை தன் முன் நிற்கும் வண்டி எத்தகையது என்று அறிவது. அடையாளம் ஏதுமின்றித் துருவேறிக் கிடக்கும் ஒரு கோம்பியைப் புதுத் தகரம் வைத்து ஓடவைப்பது அதை அழிவிலிருந்து காப்பது. ஜென்கின்ஸின் வேனுக்கு அதையே செய்திருந்தால் அவர் எழுதிவைத்துப்போனது அழிந்திருக்கும். பட்டறைக்குள் வண்டியை ஏற்றுமுன் அதன் பழைய புகைப்படங்களைத் தேடுவதும், முன்னாள் சொந்தக்காரர்களிடம் பேசுவதும், கதவின் உட்புறத்தில் யாரேனும் கிறுக்கிய எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதும் இன்று நல்ல மீட்டெடுப்பாளர்களின் வழக்கமாகியுள்ளது.